கீழே விழுந்த பிறகு என்ன?

நண்பர்களே, இந்த முறை கோட்டையைப் பற்றியோ பழைய புதுச்சேரியைப் பற்றியோ எழுத உட்காரவில்லை. இரண்டும் நடுவில் கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். பெண் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் தற்காப்புப் பயிற்சியைப் பற்றி எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. எழுபது தாண்டிய ரிடையர்டு குமாஸ்தாவுக்கு, அதுவும் மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைத் தேடுகிறவனுக்கு, இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். படித்துவிட்டுக் கேளுங்கள்.

சமக்ர சிக்‌ஷா என்கிற ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் ஜான்சி ராணி லட்சுமிபாய் பெயரால் ஒரு பிரிவு உண்டு. அரசுப் பள்ளிகளில் 6-ஆம் வகுப்பு முதல் 12 வரை படிக்கும் மாணவிகளுக்கு 3 மாதம் தற்காப்புப் பயிற்சி. ஒரு பள்ளிக்கு மாதம் 5000 ரூபாய் என்று கணக்கு. கராத்தே, டேக்வாண்டோ, ஜூடோ, சிலம்பம், எதற்கு ஆள் கிடைக்கிறதோ அது நடக்கும். பில்லும் வவுச்சரும் பார்த்தே பழகிய கை, உடனே கூட்டிப் பார்த்தது. மூன்று மாதத்துக்கு 15,000. நூறு பிள்ளைகள் என்றால் தலைக்கு 150 ரூபாய். குறை சொல்வதற்காக இந்தக் கணக்கைப் போடவில்லை. கையில் இருக்கிற நாளும் காசும் இவ்வளவுதான் என்றால், எதை முதலில் சொல்லித்தர வேண்டும்? என் கேள்வி அதுதான்.

என் பேத்தி எட்டாவது படிக்கிறாள். போன வருஷம் அவளும் கற்றுக்கொண்டாள். கூடத்தில் நின்று, இரண்டு கையையும் இடுப்பில் வைத்து, ஒன்று மாற்றி ஒன்று காற்றில் குத்திக் காட்டினாள். கத்தலும் உண்டு. உதைத்தும் காட்டினாள், அழகாகத்தான் இருந்தது.

"சரிம்மா, ஒருத்தன் உன்னைப் பிடிச்சுக் கீழ தள்ளிட்டான்னு வச்சுக்கோ. அப்ப என்ன பண்ணுவ?" என்றேன்.

"அதெல்லாம் சொல்லிக் குடுக்கல தாத்தா. அவன் கிட்ட வர்றதுக்குள்ளயே அடிச்சிரணும்."

கிட்டே வருவதற்குள்ளேயே அடித்துவிட வேண்டுமாம். வருகிறவன் ஆறடி தூரத்தில் நின்று, முஷ்டியை மடக்கி, இப்போது வரப்போகிறேன் என்று அறிவித்துவிட்டு வந்தால் சரி. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருஷா வருஷம் ஒரு புள்ளிவிவரப் புத்தகம் போடுகிறது. பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல், குற்றம் சாட்டப்பட்டவன் அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே தெரிந்தவன். உறவுக்காரன், பக்கத்து வீட்டுக்காரன், கூட வேலை பார்ப்பவன், கட்டிக்கொள்கிறேன் என்று சொன்னவன். தெரிந்தவன் தூரத்திலிருந்து குத்த மாட்டான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். கையைப் பிடிப்பான், வாயைப் பொத்துவான், சாய்ப்பான். அந்த நேரத்தில் உதை விடுவதற்குக் காலை ஓங்கவே இடம் இருக்காது. பிள்ளை நின்றபடி கற்றுக்கொண்டது அத்தனையும் முதுகு தரையில் பட்ட நொடியோடு முடிந்துபோகிறது. அவளுக்குப் பாடம் தேவைப்படுவதோ அந்த நொடியில்தான்.

ஆகவே என் கருத்து: மூன்று மாதத்தில் முதல் மாதத்தைத் தரைக்குக் கொடுங்கள். எப்படி விழுவது, மேலே ஒருவன் அழுத்தும்போது எப்படிக் கழன்றுகொள்வது, எப்படி எழுந்து ஓடுவது. குத்தும் உதையும் அப்புறம் வரட்டும்.

இது ஜப்பான்காரனிடமிருந்து இறக்குமதி செய்ய வேண்டிய சரக்கு என்று நினைக்காதீர்கள். புறநானூறு 80-ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்னும் சோழன் ஆமூர் மல்லனோடு பொருததைச் சாத்தந்தையார் பாடியது. ஒரு கால் மல்லனின் மார்பை அழுத்துகிறது, மற்றொரு கால் அவன் செய்யும் உபாயத்தைத் தடுத்து முதுகுப் பக்கம் வளைந்து கிடக்கிறது. இது நின்று அடிக்கிற அடி இல்லை, பிடித்து அமுக்குகிற பிடி. இன்று ஜூடோக் கூடத்துக்குப் போகிற எந்தப் பிள்ளையும் அதைப் படித்தால் என்ன பிடி என்று ஊகித்துவிடும். அதே கிள்ளி மேல் மையல் கொண்டு மூன்று பாட்டுப் பாடிய நக்கண்ணையார் ஒரு பெண் என்பதையும் போகிற போக்கில் சொல்லிவைக்கிறேன். பல்லவன் நரசிம்மவர்மனுக்கு மாமல்லன் என்று பெயர். மல்லன் என்றால் மல்யுத்தக்காரன். ஒரு கடற்கரை ஊரே அந்தப் பெயரைச் சுமந்து நிற்கிறது. குமரி மாவட்டத்து அடிமுறையில் 'பூட்டு' என்று தனிப் பிரிவே உண்டு. நம் செஞ்சிக் கீழ்க்கோட்டையிலும் களஞ்சியத்தை ஒட்டி உடற்பயிற்சிக் கூடம் என்று ஒரு கட்டடம் இருக்கிறது. அங்கே யார் என்ன பழகினார்கள் என்பதற்கு நான் சாட்சி சொல்ல முடியாது. ஆனால் கோட்டைக்குள் நெல்லுக்குப் பக்கத்திலேயே உடம்புக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். ழிம்னாஸ்திக் வகுப்பில் மெசியே எங்களுக்குச் 'சவாத்' பற்றிப் பெருமையாகச் சொல்வார். பிரெஞ்சுக்காரர்களின் கால் சண்டை அது. அந்தச் சொல்லுக்குப் பழைய செருப்பு என்று பொருள். அவர் சொல்லாமல் விட்ட ஒரு கதையைப் பிற்பாடு ஒரு பிரெஞ்சுப் புத்தகத்தில் படித்தேன். 1905 அக்டோபரில் பாரிசை ஒட்டிய கூர்பெவுவாவில் ழார்ழ் துபுவா என்ற சவாத்காரருக்கும், ரே-நியே என்று பெயர் வைத்துக்கொண்ட ஜுஜுத்சு ஆசிரியருக்கும் பந்தயம். துபுவா பலசாலி, எடையிலும் கூட. அவர் காலை வீசினார். ரே-நியே ஒதுங்கி, இடுப்பைப் பிடித்து, கீழே தள்ளி, தரையிலேயே கையை மடக்கிப் பூட்டினார். அரை நிமிடத்துக்குள் துபுவா போதும் என்று கத்திவிட்டார். பாரிஸ் முழுக்க மறுநாள் அதே பேச்சு.

அமெரிக்காவில் டென்வர் நகரில் 1993 நவம்பரில் இதே கதை திரும்ப நடந்தது. எல்லாச் சண்டைக்காரர்களையும் ஒரே கூண்டில் விட்டு, எது பெரிது என்று பார்க்கிற போட்டி. ஜப்பானிய ஜூடோக்காரர் மயேதா 1914-இல் பிரேசிலுக்குப் போய் விதைத்த வித்தை, கிரேசி குடும்பத்தார் கையில் வளர்ந்து, தரைச் சண்டைக் கலையாக நின்றது. அந்தக் குடும்பத்து ஹோய்ஸ் கிரேசி, பார்க்க ஒல்லி, சுமார் 80 கிலோ. தன்னைவிடப் பெரிய ஆட்களை ஒவ்வொருவராகப் பிடித்துத் தரைக்குக் கொண்டுபோய்த் தோற்கடித்தார். இறுதிச் சுற்றில் எதிரே நின்றவர் ஹாலந்துக்காரர் ஜெரார்ட் கோர்டோ. அவர் கற்ற வித்தை? சவாத். பழைய செருப்பு தொண்ணூறு வருஷத்துக்குள் இரண்டு தடவை பிய்ந்தது. மெசியே இருந்திருந்தால் வருத்தப்பட்டிருப்பார்.

இதைப் படித்துவிட்டுத் தரைச் சண்டை கற்றால் சின்னப் பெண்ணும் தடியனைச் சாய்த்துவிடலாம் என்று யாராவது கிளம்பினால், அவர்களுக்கும் ஒரு கதை வைத்திருக்கிறேன். 1964 டோக்கியோ ஒலிம்பிக். ஜூடோ முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட வருஷம். எடை வரம்பில்லாத பிரிவின் இறுதிப் போட்டியில் ஹாலந்தின் ஆன்டன் கீசிங்க், ஆறரை அடி உயரம், ஜப்பானின் காமினாகாவைத் தரையில் போட்டு மேலே அழுத்தினார். முப்பது விநாடி எழுந்திருக்கவில்லை என்றால் தோல்வி. காமினாகா ஜப்பானின் தேர்ந்த வீரர். எழ முடியவில்லை. மணி அடித்ததும் ஹாலந்துக்காரர்கள் மேடைக்கு ஓடி வர, கீசிங்க் கையை உயர்த்தி, வராதே என்று நிறுத்தினார். தோற்றவருக்கு மரியாதை. அந்தப் படத்தைச் சிறுவனாக ஆலியான்ஸ் பிரான்சேஸ் நூலகத்தில் ஒரு பத்திரிகையில் பார்த்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. எடை எடைதான், பலம் பலம்தான். மூன்று மாதத்தில் எவரும் எவரையும் வெல்லப் போவதில்லை. கிடைப்பது ஒரு சின்ன இடைவெளி. மேலே இருப்பவன் ஒரு பக்கம் சாய்வான், ஒரு கை விடுபடும், இரண்டு விநாடி கிடைக்கும். பயிற்சி இல்லாதவளுக்கு அந்த இரண்டு விநாடி வந்ததே தெரியாது.

எங்கள் பக்கத்துச் சிலம்ப வாத்தியார் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னேன். நல்ல மனிதர், கம்பு எடுத்தால் காற்றைக் கீறுவார். சிரித்தார்.

"சார், தரைல உருண்டா கூட வந்தவன் மிதிப்பான். நம்ம ஊரு தரை மெத்தையா? எல்லாம் பாறை. விழாம இருக்கறதுதான் வித்தை."

அவர் சொன்னதில் பாதி முழுக்க உண்மை. போட்டியில் ஒருவனுக்கு ஒருவன், கீழே மெத்தை, பக்கத்தில் நடுவர். தெருவில் அப்படி இல்லை. தரையில் கட்டிப்பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் புரள்வது கூண்டுக்காரனுக்குச் சம்பளம், பிள்ளைகளுக்கு ஆபத்து. அதனால்தான் தரைச் சண்டையில் போட்டிக்கு உரிய பாகத்தை நான் கேட்கவே இல்லை. கழன்று எழுகிற பாகத்தை மட்டும் கேட்கிறேன். விழாமல் இருப்பதுதான் வித்தை என்கிறார். விழாத மனிதன் எங்கே இருக்கிறான்? வாத்தியாரே போன மழையில் செட்டிக்குளத்துப் படியில் விழுந்தவர்தான். அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

அந்தப் பாகத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால், எண்ணிக்கையில் கொஞ்சம்தான். முதலில் விழுவது. மோவாயை மார்போடு ஒட்ட வைத்துக்கொண்டால் பின்மண்டை தரையில் அடிபடாது. மூச்சை வெளியே விட வேண்டும். கையை ஊன்றித் தடுக்கப் பார்த்தால் மணிக்கட்டு போய்விடும், ஆகவே முழங்கையிலிருந்து உள்ளங்கை வரை சேர்த்துத் தரையில் தட்டி அதிர்ச்சியைப் பரப்ப வேண்டும். அடுத்து, மல்லாந்து கிடக்கும்போது தலையை அவன் பக்கம் வைக்காமல் காலை அவன் பக்கம் திருப்பி வைத்துக்கொள்வது. பெண்களுக்குக் கையைவிடக் காலில் பலம் அதிகம், நீளமும் அதிகம். வருகிறவனின் முழங்காலை, கெண்டைக்காலை அது எட்டும். அவன் வயிற்றின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டால், இரண்டு பாதத்தையும் இடுப்புக்குப் பக்கத்தில் இழுத்து ஊன்றி, அவன் ஒரு கையையும் அதே பக்கத்துக் காலையும் மாட்டிப் பிடித்துக்கொண்டு, இடுப்பை மேலே எக்கி அந்தப் பக்கமே புரட்டுவது. கையும் காலும் மாட்டிக்கொண்டதால் ஊன்றிச் சமாளிக்க அவனுக்கு முட்டு இல்லை. சாய்ந்துவிடுவான். முக்காலியின் ஒரு காலைப் பிடுங்கினால் என்ன ஆகுமோ அது.

பிறகு ஒன்று இருக்கிறது, ஜப்பானியர்கள் அதற்கு இறால் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பக்கவாட்டில் திரும்பி, பாதத்தை உதைத்து, இடுப்பைப் பின்னுக்கு இழுத்துச் சுருண்டு நகர்வது. மரக்காணத்து இறாலைக் கூடையில் கொட்டும்போது பார்த்திருப்பீர்களே, அதே துள்ளல். அழுத்துகிறவனுக்கும் தனக்கும் நடுவில் ஒரு முழங்கால் நுழைகிற இடம் கிடைத்தால் போதும். கடைசியாக எழுவது. குனிந்து முகத்தை நீட்டிக்கொண்டு எழுந்தால் உதை வாங்குவாள். ஒரு கையைப் பின்னால் ஊன்றி, மற்றக் கையை முகத்துக்கு முன்னால் காவல் வைத்து, ஒரு காலை உடம்புக்கு அடியில் பின்னுக்கு இழுத்து, அவனைப் பார்த்தபடியே எழ வேண்டும். எழுந்ததும் ஓட வேண்டும். நின்று திருப்பி அடிக்கிற ஆசை சினிமாவுக்கு.

இதைக் காற்றில் பழக முடியாது. நிஜமாகவே ஒருத்தி மேலே எடை போட்டு அழுத்த, மற்றவள் கழல வேண்டும். பாதிப் பலத்தில் தொடங்கி, போகப் போக விடாமல் பிடிக்க வேண்டும். மூச்சு முட்டுகிற அந்த அனுபவம் வகுப்பிலேயே ஒருமுறை வந்து போயிருந்தால், வெளியில் வரும்போது உடம்பு விறைத்து உறைந்து போகாது. பயத்தில் உறைவதுதான் பாதிக் கேடு. கனடாவில் மூன்று பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவிகளிடம் ஒரு 12 மணி நேரப் பயிற்சியை நடத்தி, 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு வருஷத்துக்குள் வன்புணர்ச்சிக்கு ஆளானவர்கள், பயிற்சி பெறாத குழுவில் நூற்றுக்கு 9.8, பெற்ற குழுவில் 5.2. அந்தப் பயிற்சி முழுவதும் சண்டை இல்லை. தெரிந்தவனிடமிருந்து வரும் ஆபத்தை முன்கூட்டி உணர்வது, நல்ல பெயர் போய்விடுமே என்ற தயக்கத்தை உதறுவது, பிறகு உடம்பால் எதிர்ப்பது, மூன்றும் சேர்ந்தது. பன்னிரண்டு மணி நேரம்! நம் பிள்ளைகளுக்கு மூன்று மாதம் இருக்கிறது.

இனிதான் சங்கடமான பகுதி. தெருவில் இதைச் சொன்னபோது ஒரு அம்மாள் முகம் சுளித்தார்: "என்னா சார் நீங்க, பொம்பளப்புள்ள தரையில மல்லாக்கப் படுத்துப் புரளுறதா? ஊர் என்னா சொல்லும்?" அவரைக் குறை சொல்ல மாட்டேன். நம் வீடுகளில் பிள்ளைகளை அப்படித்தான் வளர்த்தோம். கால் நீட்டாதே, சத்தம் போடாதே, ஒடுங்கி உட்கார். ஆனால் பிள்ளையைக் கீழே தள்ளுகிறவன் ஊரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு தள்ளுவதில்லை. ஊரின் வாயை அடைக்க வழியும் இருக்கிறது. பெண் பயிற்சியாளர் வேண்டும், இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆண் ஆசிரியர் ஒரு பெண் பிள்ளைக்கு இந்தப் பாடத்தைத் தொட்டுச் சொல்லித்தரவே கூடாது என்பது என் கட்சி. மூடிய அறை வேண்டும், தாய்மார்கள் வந்து உட்கார்ந்து பார்க்கலாம். பிள்ளைகளுக்கு டிராக் பேண்ட், டி-ஷர்ட். பெண் பயிற்சியாளர் கிடைக்காவிட்டால் அந்தப் பள்ளியில் தொடங்க வேண்டாம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், பழைய தொழில் வாசனை. தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமை இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையான பிரிவுகளில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44. பாலியல் வன்கொடுமை, கடத்தல், ஆசிட் வீச்சு போன்றவற்றை எதிர்க்கும்போது எதிராளியின் உயிர் போனாலும் உரிமைக்குள் வரலாம் என்கிறது 38-ஆம் பிரிவு. பொதுவாக, தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. எனக்குத் தரைப் பாடம் பிடித்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கழன்று ஓடியவளிடம் யாரும் கணக்குக் கேட்க முடியாது. குடித்துவிட்டுத் தகராறு செய்கிற அண்ணனையோ மாமனையோ பல்லை உடைக்காமல் விலக்கிவிட்டு வெளியே வந்துவிடவும் இது உதவும். வீட்டுக்குள் நடப்பவற்றில் பாதி அந்த ரகம்தான், கேஸ் ஆவதில்லை.

நம் வயதுக்காரர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. சங்கிலியை அறுக்கிற பயல்கள் பைக்கில் வந்து இழுக்கும்போது, நகையைவிட விழுகிற விழுக்காட்டில்தான் சேதம் அதிகம். இடுப்பெலும்பு முறிந்தால் அப்புறம் கட்டில்தான். உலகத்தில் ஆண்டுக்கு 6,84,000 பேர் கீழே விழுந்து சாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான், அதிலும் அறுபது தாண்டியவர்களே அதிகம். ஹாலந்தின் நைமேகன் நகரில், முதியோருக்கான பயிற்சியில் தற்காப்புக் கலையிலிருந்து எடுத்த விழும் முறைகளையே சேர்த்திருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் கூடத்தில் விழுந்து பார்க்காதீர்கள்! எலும்பு தேய்ந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் தொட வேண்டாம். ஆனால் எழுகிற முறையை இன்றே கட்டிலின் மேல் பழகலாம். மல்லாந்து கிடந்து நேராக எழ முயலாமல், பக்கவாட்டில் புரண்டு, முழங்கையை ஊன்றி, முழங்காலில் நின்று, நாற்காலியைப் பிடித்து, பலமான காலை முன்னால் வைத்து எழுவது. என் மனைவி இரண்டு வாரத்தில் கற்றுக்கொண்டாள். என்னைவிட வேகம்.

செலவு என்று பார்த்தால், மெத்தைதான் பெரிய செலவு. அதுவும் கட்டாயம் இல்லை. குஸ்திக் கோதாக்களில் மண்ணைச் சலித்து, எண்ணெயும் மஞ்சளும் கலந்து மெத்து மெத்தென்று வைத்திருப்பார்கள். தாரா சிங், கிங்காங் என்று டீக்கடையில் வாய் ஓயாமல் பேசிய நம் தலைமுறைக்கு அது தெரிந்ததுதான். பள்ளிக்கூடத்தில் கூரை உள்ள ஒரு மூலையில், பத்தடிக்குப் பத்தடி, முழங்கால் அளவு பள்ளம் தோண்டிச் சலித்த ஆற்று மணல் போட்டால் ஆயிற்று. மேலே ஒரு தார்ப்பாய். ஓய்வூதியர் சங்கத்தில் மாதாமாதம் டீயும் போண்டாவும் சாப்பிட்டுக் கலைகிற நாம் பத்துப் பேர் ஆளுக்கு ஐந்நூறு போட்டால் ஒரு பள்ளிக்கு மணல் வந்துவிடும். விழுப்புரத்திலோ புதுச்சேரியிலோ ஜூடோ பழகிய பெண் பிள்ளைகள் யாராவது உங்கள் உறவில் இருந்தால் எனக்குத் தெரிவியுங்கள். வாரத்தில் ஒரு சனிக்கிழமை வந்து போக பஸ் செலவும் மதியச் சாப்பாடும் நான் ஏற்பாடு செய்கிறேன். தலைமையாசிரியர்களுக்கு மனு எழுதுகிற வேலையையும் நானே செய்கிறேன். நாற்பது வருஷம் வேறென்ன செய்தேன்.